ஆட்சேபணை உண்டா?

நகர மன்றக் கூட்டம் மாதம் ஒரு முறை, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நடக்கும். அந்த நேரத்தைக் குறித்தவர் யாராக இருந்தாலும் மனிதர்களைப் புரிந்துகொண்டவர்தான். வயிறு நிறைந்தவர்கள் அதிகம் வாதாடமாட்டார்கள். மன்றக் கூடத்தில் நீளமான வளைந்த மேசை, அதைச் சுற்றி உறுப்பினர்கள், நடுவில் தலைவர். ஒவ்வொருவர் முன்னாலும் கழுத்து நீண்ட மைக் ஒன்று. சுவரில், நூலாம்படை படிந்த இரண்டு ஒலிபெருக்கிகள்.

கூடத்தின் கடைசி மூலையில் ஒரு சின்ன மேசை. அங்கேதான் சின்னவள் உட்கார்ந்திருப்பாள். வீட்டில் இரண்டு பெண்களில் இளையவள் என்பதால் அந்தப் பெயர். வளர்ந்து ஆளான பிறகும் ஒட்டிக்கொண்டுவிட்டது. அப்பா மைக்செட் வாடகைக்கு விட்டவர். அவர் போன பிறகு அவளுக்குச் சொத்தாக வந்தது ஒயர்களைப் பற்றிய அறிவு மட்டும்தான். அதை வைத்து மன்றத்தில் தற்காலிக வேலை கிடைத்தது. அவள் மேசையில் ஒரு பலகை இருக்கும். உறுப்பினர் யாராவது மைக்கைப் போட்டால், அந்தப் பலகையில் அவருக்கான சிவப்பு விளக்கு எரியும். யார் பேசுகிறார்கள் என்று பார்த்துச் சத்தத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் அவள் வேலை.

முதல் நாளே மன்றச் செயலர் சொல்லிவிட்டார். உறுப்பினர் அல்லாத யாரும் கூடத்தில் வாய் திறக்கக் கூடாது. சொல்லிவிட்டு அவளை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்தார். "உனக்கு அது ஒண்ணும் கஷ்டமா இருக்காதுன்னு நெனைக்கிறேன்மா" என்றார். அவர் சொன்னதும் நிஜம்தான். சின்னவள் நாலு பேர் நடுவில் பேசிப் பழக்கமில்லாதவள். அக்காவுக்கு அவள் ஊமைக்கோட்டான்.

மன்றத்தில் முடிவெடுக்கும் முறை ஒன்று உண்டு. எந்தச் சட்டப் புத்தகத்திலும் அது இல்லை, ஆனால் சட்டத்தைவிடக் கெட்டியாக நடந்துவந்தது. செயலர் பொருளைப் படிப்பார். தலைவர், "ஆட்சேபணை உண்டா?" என்று கேட்பார். பிறகு எல்லோரும் சும்மா இருப்பார்கள். யாரும் கை தூக்குவதில்லை, எண்ணிக்கை எடுப்பதில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஒரு குரல், "சம்மதம்" என்று சொல்லும். தலைவர் மணியைத் தட்டுவார். தீர்மானம் நிறைவேறிவிட்டது. அடுத்த பொருள்.

பார்க்க ஒழுங்காகத்தான் இருந்தது. சின்னவளுக்கும் ஆரம்பத்தில் அதில் குறை ஒன்றும் தெரியவில்லை. பலகையையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டிய வேலை என்பதால்தான் ஒரு நாள் தெரிந்தது. "சம்மதம்" என்று கேட்டபோது பலகையில் ஒரு விளக்கும் எரியவில்லை.

தன் கண்ணில்தான் கோளாறு என்று முதலில் நினைத்தாள். எதிலும் தன்னைத்தான் முதலில் சந்தேகிப்பாள். அடுத்த பொருளுக்குக் கண் இமைக்காமல் பார்த்தாள். விளக்குகள் எல்லாம் அணைந்திருந்தன. மேசையைச் சுற்றி ஒரு உதடும் அசையவில்லை. ஒலிபெருக்கியில் மட்டும், யாரோ வாயைத் திறப்பதுபோல ஒரு சின்ன ஈரச் சத்தம். பிறகு, "சம்மதம்." ஆண் குரல் என்றும் சொல்ல முடியாது, பெண் குரல் என்றும் சொல்ல முடியாது. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது எதையோ கேட்டால் தலையைத் தூக்காமல் 'ம்' கொட்டுவார்களே, அப்படி ஒரு அக்கறையில்லாத குரல்.

ஒயர்களை எல்லாம் கழற்றிப் பார்த்தாள். பழுது இல்லை. பிறகு, அவள் சுபாவத்துக்கு அது பெரிய காரியம், ஒவ்வொருவராக விசாரித்தாள். ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர் உறுப்பினராக இருந்தார். அது பக்கத்து நாற்காலி பல் டாக்டருடைய குரல் என்றார். பல் டாக்டரோ அது டீச்சர் குரல்தான் என்றார். இத்தனை வருடம் பள்ளிக்கூடத்தில் கத்தித் தொண்டை அப்படி ஆகிவிட்டதாம். மற்றவர்களும் அவரவர் பக்கத்து ஆளைக் காட்டினார்கள். தலைவரைக் கேட்கத் தைரியம் வரவில்லை. செயலரைக் கேட்டாள்.

"யாரோ ஒருத்தர் சொல்றாங்க, வேலை முடியுது" என்றார் செயலர். "யாரு சொன்னதுன்னு நோண்டி, நாளைக்கு அவரும் சொல்லாம விட்டுட்டா? அப்புறம் கூட்டத்தை நீ வந்து முடிச்சு வைப்பியா?"

அத்தோடு அவள் விட்டிருப்பாள். தையல்காரர் சந்து விஷயம் மட்டும் வராமல் இருந்திருந்தால்.

கடைத்தெருவுக்குப் பின்னால் குறுகலான சந்து ஒன்று இருந்தது. அங்கே ஒரு தையல்காரரிடம் அவள் உடைகளைப் பிடித்துத் தைக்கக் கொடுத்திருந்தாள். அந்தச் சந்தில் குடியிருப்போர் யாரும் இல்லை, ஆகவே மூடிவிடலாம் என்று ஒரு பொருள் வந்தது. சின்னவளுக்குத் திக்கென்றது. தையல்காரர் இருக்கிறாரே, மேல்மாடியில் அவர் மாமியார் இருக்கிறாரே. ஆனால் பெரிய மனிதர்கள் நாலும் விசாரித்துத்தானே கொண்டுவந்திருப்பார்கள், தனக்குத் தெரியாத ஏதாவது இருக்கும் என்று பேசாமல் இருந்தாள். "சம்மதம்" என்றது குரல். மணி அடித்தது.

சில நாள் கழித்து உடைகளை வாங்கப் போனாள். சந்தின் வாய் இருந்த இடத்தில் ஒரு சுவர் நின்றது. புதுச் சுவர் இல்லை. செங்கலில் பாசி பிடித்து, விரிசலில் செடி முளைத்து, பல மழையைப் பார்த்த சுவர். ஓரத்தில் எப்போதும் உட்கார்ந்திருக்கும் சாவி செய்கிறவரிடம் தையல்காரர் எங்கே போனார் என்று கேட்டாள். அவர் அரத்தைக் கீழே வைத்துவிட்டு அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். "இங்க எங்கம்மா சந்து? நான் இந்தச் சுவத்துல சாஞ்சுதானே இத்தனை வருஷமா தொழில் பண்றேன்" என்றார். அவர் முதுகு சாய்ந்த இடத்தில் சுவர் வழவழவென்று தேய்ந்திருந்தது.

சுவரில் காதை வைத்துக் கேட்டாள். உள்ளே எங்கோ தையல் மெஷின் ஓடுவது போல இருந்தது. இல்லாமலும் இருக்கலாம். உறுதியாகச் சொல்ல அவளால் முடியவில்லை.

அடுத்த கூட்டத்துக்கான பொருள் பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். அவள் வழக்கம்போலப் படித்தாள். கால்வாய் ஓரச் சந்தில் ஆய்வு செய்ததில் குடியிருப்போர் யாரும் இல்லை என்று தெரியவருவதால், குடிநீரையும் தெருவிளக்கையும் நீக்கிச் சந்தை மூடுவது.

கால்வாய் ஓரச் சந்தில் அவளுடைய அக்கா இருந்தாள். அக்கா, அக்காவின் வீட்டுக்காரர், பேசக் கற்றுக்கொண்டிருக்கும் ஒரு பெண் குழந்தை.

அன்று மாலையே அங்கே ஓடினாள். பேருந்தில் நிறுத்தத்தின் பெயரைச் சொன்னதும் நடத்துநர் ஒரு கணம் முழித்தார், பிறகு தலையைச் சொறிந்துகொண்டு டிக்கெட் கொடுத்தார். சந்து இருந்தது. முனைவிளக்கு மட்டும் எரியவில்லை. விளக்கின் அடியில் யாரோ ஒரு லோடு செங்கல் இறக்கியிருந்தார்கள். கீழே கிடந்த கற்களில் லேசாகப் பாசி பிடித்திருந்தது.

அக்கா ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் இரவு வேலை பார்க்கிறவள். அப்போதுதான் தூங்கி எழுந்து, கலைந்த தலையோடு, குழந்தைக்கு ரொட்டியைப் பாலில் நனைத்து ஊட்டிக்கொண்டிருந்தாள். சின்னவள் விஷயத்தைச் சொன்னதும் ஒரு சிரிப்புச் சிரித்தாள்.

"ஓ, அவன்தானா? பகல்ல எவனோ வந்து தட்டினான். சாமான் விக்க வந்தவன்னு நெனச்சு நான் எழுந்திருக்கல. இந்தச் சந்துல பாதிப் பேர் ராத்திரி வேலை. எதிர்வீட்டு அண்ணனும்தான் எழுந்திருக்கல. பதில் வரலைன்னா ஆளே இல்லைன்னு எழுதிடுவானா?"

"எழுதிட்டாங்கக்கா."

"நல்லா இருக்கே கதை. நேத்துகூட ஒரு டாக்ஸிக்காரன், இங்க நான் ஆளை ஏத்தினதே இல்லையேன்னு சொல்லிட்டுப் போறான். நான் என்னடி, ஆவியா?" என்று கேட்டுவிட்டுக் குழந்தையின் வாயைத் துடைத்தாள்.

சின்னவள் தையல்காரர் சந்தைப் பற்றிச் சொன்னாள். அக்கா நம்பவில்லை. ராத்திரி தூக்கமில்லாமல் அலைகிறாயா என்று கடிந்துகொண்டாள். அவள் வீட்டுக்காரருக்கு வேலை முடிந்து வர நேரமாகும் என்றும், வந்தால் அவர் விழுந்து விழுந்து சிரிப்பார் என்றும் சொன்னாள். ஆனால் கிளம்பும்போது சந்து முனை வரை கூடவே வந்தாள். செங்கல் குவியலைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது. குழந்தையை இடுப்பில் இறுக்கிக்கொண்டு, "யாருகிட்டயாவது பேசுடி" என்றாள், குரல் தாழ்ந்து.

செயலரிடம் பேசினாள். ஆய்வு முடிந்த பொருள், மன்றத்தில் உறுப்பினர் யாராவது ஆட்சேபித்தால்தான் நிற்கும் என்றார் அவர். அந்தப் பகுதிக்கு உறுப்பினர் பல் டாக்டர். அவரைப் பார்ப்பது சுலபமில்லை என்று கேள்விப்பட்டு, சொத்தைப்பல் என்று சொல்லி அவருடைய மருத்துவமனையில் வரிசையில் உட்கார்ந்தாள். நாற்காலியில் சாய்த்து, வெளிச்சத்தைக் கண்ணில் அடித்து, வாயில் பஞ்சை வைத்த பிறகுதான் அவருக்கு என்ன விஷயம் என்று கேட்கத் தோன்றியது. பஞ்சை எடுத்ததும் மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் கொட்டினாள். குரலைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. பைத்தியம் என்று நினைத்துவிட்டால் காரியம் கெட்டுவிடும்.

டாக்டர் நல்ல மனிதர். அப்படியா, ஆள் இருக்கிறார்களா, அநியாயமாக இருக்கிறதே என்று உண்மையாகவே வருத்தப்பட்டார். "ஒரு வார்த்தைதானேம்மா. ஆட்சேபணைன்னு சொல்லிட்டா நின்னுடும். நான் சொல்லிடறேன், நீ நிம்மதியாப் போ" என்றார். அவள் வாசலைத் தாண்டும்போது, "பல்லெல்லாம் நல்லாத்தான் இருக்கு உனக்கு" என்று சேர்த்துக்கொண்டார்.

கூட்டத்தன்று காலையில் அக்காவுக்குப் போன் செய்தாள். அப்படி ஒரு எண்ணே உபயோகத்தில் இல்லை என்றது ஒரு பெண் குரல். மறுபடி போட்டாள். அதே பதில். போய்ப் பார்த்துவிட்டு வர நேரமில்லை. கூடத்துக்குப் போய் உட்கார்ந்தபோது உள்ளங்கை வேர்த்து, பலகையின் பொத்தான்கள் வழுக்கின.

முதலில் வந்த பொருள்கள் எப்போதும்போலப் போயின. சம்மதம், மணி. சம்மதம், மணி. செயலர் தண்ணீர் குடித்துவிட்டுக் கால்வாய் ஓரச் சந்தைப் படித்தார். தலைவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "ஆட்சேபணை உண்டா?" என்றார்.

சின்னவள் தன் பலகையிலிருந்தே டாக்டரின் மைக்கைப் போட்டுவிட்டாள். பலகையிலும் அவர் மைக்கின் கழுத்திலும் சிவப்பு விளக்கு எரிந்தது. டாக்டர் அதைப் பார்த்தார். முன்னால் சாய்ந்தார். வாயைத் திறந்தார். அவர் மூச்சு ஒலிபெருக்கியில் கரகரவென்று கேட்டது. ஊரில் எல்லோரையும் ஆ காட்டச் சொல்கிறவர், தானே அப்படி ஆ காட்டியபடி உட்கார்ந்திருந்தார். வார்த்தை வரவில்லை. பக்கத்தில் டீச்சரைப் பார்த்தார், டீச்சர் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் மெதுவாக வாயை மூடிக்கொண்டார்.

அப்போது ஒலிபெருக்கியில் அந்தச் சின்ன ஈரச் சத்தம் கேட்டது. வாய் திறக்கும் சத்தம்.

சின்னவள் யோசிக்கவில்லை. குனிந்து மெயின் ஸ்விட்சை அணைத்தாள்.

குரல் வரவில்லை.

கூடம் அடங்கிப்போயிற்று. தலைவர் மணியின் மேல் கையை வைத்தபடி காத்திருந்தார். உறுப்பினர்கள் காத்திருந்தார்கள். வர வேண்டியது வராததால் ஒருவர் நாற்காலியில் நெளிந்தார். ஒருவர் பேனாவைத் திறந்து மூடினார். இத்தனை வருடங்களில் அந்த வார்த்தையைத் தாங்களே சொல்ல வேண்டிய நிலை அவர்களுக்கு வந்ததில்லை. எப்படிச் சொல்வது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார்கள். தலைவர் இன்னொரு முறை, கொஞ்சம் கெஞ்சலாக, "ஆட்சேபணை உண்டா?" என்றார்.

மௌனம் கனத்தது. காதுக்குள் தண்ணீர் புகுந்ததுபோல அடைத்தது. யாராவது எதையாவது சொல்லி இதை முடித்துவைத்தால் போதும் என்று சின்னவளுக்கே தோன்றியது. அப்படித் தோன்றிய மறுகணம் தன் நாக்கு மேலெழுவதை உணர்ந்தாள். அது பல்லுக்குப் பின்னால் போய் நின்றது. உதடு விரிந்தது. தொண்டையில் அந்த வார்த்தை வந்து உட்கார்ந்திருந்தது, அவள் கூப்பிடாமலே. சம்மதம். நிமிர்ந்து பார்த்தாள். மேசையைச் சுற்றியிருந்த எல்லா வாய்களும் அதே அளவுக்கு, அதே வடிவத்தில் லேசாகத் திறந்திருந்தன. செயலரின் வாயும், தலைவரின் வாயும்.

நாக்கைக் கடித்தாள். உப்புக் கரித்தது. அக்கா குழந்தையின் வாயைத் துடைத்ததை நினைத்துக்கொண்டாள். பிறகு, ரத்தச் சுவையோடு, மைக் இல்லாமல், மூலையிலிருந்து சொன்னாள்:

"ஆட்சேபணை."

அவ்வளவுதான், தன்னை வெளியே பிடித்துத் தள்ளப்போகிறார்கள் என்று எதிர்பார்த்தாள். யாரும் அவள் பக்கம் திரும்பவில்லை. ஒவ்வொருவரும் பக்கத்து நாற்காலியைப் பார்த்தார்கள். டீச்சர் டாக்டரைப் பார்த்தார். பெருமூச்சு விட்டு அவர் கையைத் தட்டிக்கொடுத்தார். "நல்லாச் சொன்னீங்க டாக்டர்" என்றார். டாக்டர் ஒரு நொடி குழம்பினார். பிறகு சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். சொன்னது தான்தான் என்று அவரும் நம்பிவிட்டது முகத்தில் தெரிந்தது. பொருள் ஒத்திவைக்கப்படுகிறது என்று தலைவர் அறிவித்து மணியைத் தட்டினார். எல்லோர் வாய்களும் மூடிக்கொண்டன.

மைக் என்ன ஆயிற்று என்று செயலர் கையை ஆட்டிக் கேட்டார். வேறு வழியில்லாமல் சின்னவள் ஸ்விட்சைப் போட்டாள்.

பாராட்டு டாக்டருக்குத் தெம்பு கொடுத்திருந்தது. எழுந்து நின்று, அந்தச் சந்தில் ஆட்கள் இருப்பதாகத் தனக்குத் தெரியும் என்றார். மறுபடி ஒழுங்காகக் கணக்கெடுக்க வேண்டும், முனைவிளக்கை எரியவிட வேண்டும், செங்கல்லை அகற்ற வேண்டும் என்று கணீரென்று முன்மொழிந்துவிட்டு மைக்கை அணைத்து உட்கார்ந்தார். சின்னவளுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆபத்து நீங்கிவிட்டது என்றே நினைத்தாள்.

"ஆட்சேபணை உண்டா?" என்றார் தலைவர்.

பலகையில் ஒரு விளக்கும் இல்லை. ஒலிபெருக்கியில் வாய் திறக்கும் சத்தம் கேட்டது.

"ஆட்சேபணை."

சின்னவளின் குரல். அவள் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்திய பிறகும் அதன் கடைசி எழுத்து சுவரில் ஒலித்துக்கொண்டிருந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டு பேசினால் வருமே, அந்த லேசான தடுமாற்றம்கூட அதில் அப்படியே இருந்தது. உறுப்பினர்கள் பக்கத்து நாற்காலியைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டார்கள். அவர்கள் முகத்தில் பழைய அமைதி திரும்பியிருந்தது. மணி அடித்தது. கணக்கெடுப்பு இல்லை, விளக்கு இல்லை.

அதற்குப் பிறகு ஆஸ்பத்திரிக்கு ஜெனரேட்டர், பள்ளிக்கூடத்துக்குக் கழிப்பறை என்று வந்த எல்லாவற்றுக்கும் அவள் குரல் ஆட்சேபித்தது. ஒரு தடவை ஸ்விட்சை அணைக்கக் குனிந்தாள். பாதியில் கை நின்றுவிட்டது. அணைத்தால் மறுபடி அந்த மௌனம் வரும். இந்தத் தடவை தொண்டையில் எந்த வார்த்தை வந்து உட்காருமோ என்று பயமாக இருந்தது. கூட்டம் வழக்கத்தைவிடச் சீக்கிரம் முடிந்தது. வெளியே போகும்போது செயலர் அவள் மேசை அருகே நின்றார். "பார்த்தியா, யாரோ ஒருத்தர் சொல்லத்தான் செய்யறாங்க" என்று சிரித்துவிட்டுப் போனார்.

அவள் சந்துக்கு ஓடினாள்.

சந்து இருந்தது. செங்கல் குவியலும் இருந்தது, அப்படியே, கூடாமல் குறையாமல். விளக்கு எரியவில்லை. எரியாத விளக்கின் கீழே அக்கா குழந்தையோடு நின்றிருந்தாள். சின்னவள் அவள் தோளைத் தொட்டுப் பார்த்தாள். சூடாக, சலவைச் சோப்பு வாசனையோடு, அக்காதான்.

"என்னடி ஆச்சு? காலையிலேர்ந்து உனக்குப் போன் போடறேன், போகவே மாட்டேங்குது."

"ஒத்திவெச்சுட்டாங்கக்கா."

"எது வரைக்கும்?"

"அடுத்த கூட்டம் வரைக்கும்."

"அப்புறம்?"

"அப்பவும் நான் அங்க இருப்பேன்."

அக்கா அவள் முகத்தை உற்றுப் பார்த்தாள். வேறு ஊரில் இடம் பார்க்கலாம் என்று வீட்டுக்காரர் சொல்வதாகவும், வேலை இங்கே இருக்கும்போது எங்கே போவது என்று தான் சொன்னதாகவும் மெல்லிய குரலில் சொன்னாள். உள்ளே குழாயில் தண்ணீர் சொட்டுச் சொட்டாக வந்துகொண்டிருந்தது. பாதி நிறைந்த வாளியைத் தூக்கி வைத்துவிட்டு, பாயைத் தட்டி விரித்தாள்.

"இன்னிக்கு என்னோட வேலைக்கு லீவு சொல்லிட்டேன். நீயும் இங்கேயே படுத்துக்கோ. என்ன..."

"சரி" என்றாள் சின்னவள்.

"கேட்டு முடிக்கறதுக்குள்ள பதில் வருது?" என்று அக்கா சிரித்தாள்.

சின்னவள் அதற்கும் உடனே ஏதோ பதில் சொன்னாள். குழந்தை எதையோ கேட்டது, அதற்கும் சொன்னாள். எதிர்வீட்டு அண்ணன் வாசலில் நின்று, யார் அது என்று கேட்டபோது, அக்கா வாய் திறக்கும் முன்பே, நான்தான் அண்ணா, நாங்கள் எல்லோரும் இங்கேதான் இருக்கிறோம் என்று உரக்கச் சொன்னாள். ஒரு கேள்விக்கும் அதன் பதிலுக்கும் நடுவில் துளி இடம் விட அவளுக்குத் துணிவில்லை.